கழுத்தில் உறுத்துவது லேபிளின் மடிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சட்டையை உடுத்திய அன்றே, பின்கழுத்தில் உறுத்துகிறது என்று லேபிளைக் கத்தரித்து எறிபவர்கள் பலர். அப்படி வெட்டும்போது தையலுக்குள் அகப்பட்ட ஓரம் சிறு முளையாக நின்றுகொண்டு, முன்பைவிடக் கூர்மையாகக் குத்துகிறது. அளவும், இழைக்கலவையும், துவைக்கும் முறையும் சொல்லிக்கொண்டிருந்த பகுதியோ குப்பைக்குப் போய்விடுகிறது. இதனால் நெய்த லேபிள் என்றாலே முரடு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. தையல் பிரிவில் பல ஆண்டுகள் மேற்பார்வை செய்து வருபவன் என்ற முறையில் எனக்கு இதில் மாறுபட்ட கருத்து உண்டு. நான் கையாண்ட குறைகளில் பெரும்பாலானவை, லேபிள் தைக்கப்படும் இடத்துக்குப் பொருந்தாத மடிப்பைத் தேர்ந்தெடுத்ததால் வந்தவை.

சொந்தப் பெயரில் ஆடை தயாரிக்கத் தொடங்குபவர்கள் பெயர், எழுத்து வடிவம், நிறம் என்று அனைத்தையும் முடிவு செய்துவிட்டு, ஆர்டர் தாளின் கடைசிக் கட்டத்தில்தான் மடிப்பைப் பற்றி நினைக்கிறார்கள். அங்கே உள்ள படங்களில் எது பார்வைக்கு அழகாக இருக்கிறதோ அதைக் குறித்துவிடுகிறார்கள். இந்த லேபிள் எந்தத் தையலில் அமரப்போகிறது, அது உடம்பைத் தொடுமா, ஒரு பக்கம் எழுதினால் போதுமா அல்லது இரு பக்கமும் வேண்டுமா என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே எழுத்தின் அளவைக்கூடத் தீர்மானிக்க முடியும் என்பதால், மடிப்புதான் முதலில் முடிவாக வேண்டியது.

இடது, வலது நுனிகள் பின்பக்கம் மடங்கியிருக்கும் எண்ட் ஃபோல்ட், பின்கழுத்தின் உட்புறத்தில் தட்டையாக வைத்துத் தைக்க ஏற்றது. தறியில் நெய்த துணியால் ஆன சட்டை என்றால் நான்கு பக்கமும் தைத்தாலும் பெரிய தொல்லை இல்லை. பின்னலாடையில் அப்படிச் செய்யக் கூடாது. பருத்திப் பின்னல் துணி இழுத்தால் நீளும், துவைத்தால் சுருங்கும். பாலியஸ்டர் நூலில் நெய்த லேபிள் இரண்டுக்கும் அசைந்து கொடுக்காது. நான்கு பக்கமும் இறுக்கித் தைத்துவிட்டால், சில முறை துவைத்ததும் சுற்றிலும் துணி சுருக்கம் விழுந்து, லேபிளின் நடுப்பகுதி உப்பிக்கொண்டு நிற்கும். அத்தகைய ஆடைக்கு இரு முனைகளை மட்டும் தைப்பதோ, நடுவில் மடித்த சென்டர் ஃபோல்ட் லேபிளைக் கழுத்துத் தையலுக்குள் செருகுவதோ நல்லது. சென்டர் ஃபோல்டில் வெட்டு நுனிகள் இரண்டும் தையலுக்குள் புதைந்துவிடும். கீழே தொங்கும் பக்கம் மடிப்பு என்பதால் அது மென்மையாக இருக்கும். முன்பக்கம் பெயரும் பின்பக்கம் அளவும் போடலாம். தையலுக்குள் செருக வழியில்லாமல் துணியின் மேலே வைத்துத் தைக்க வேண்டியிருந்தால், நடுவில் மடித்ததோடு மேல் ஓரத்தையும் சேர்த்து மடித்த மன்ஹாட்டன் ஃபோல்ட் கைகொடுக்கும். இரு முனைகளும் சாய்கோணத்தில் திரும்பியிருக்கும் மைட்டர் ஃபோல்ட், கனத்த மேலங்கியையும் துண்டையும் கொக்கியில் மாட்டுவதற்கான வளையமாகவும் பயன்படும். மடிப்பே இல்லாத ஸ்ட்ரெய்ட் கட், பை, போர்வையின் ஓரம் போல உடம்பில் உராயாத இடங்களுக்குப் போதும்.

அடுத்தது அளவு. ஒருமுறை எங்களுக்கு வந்த ஆர்டரில் ‘எண்ட் ஃபோல்ட், 50 மி.மீ.’ என்று மட்டும் இருந்தது. மடித்த பிறகா, மடிக்கும் முன்பா என்று நாங்களும் கேட்கவில்லை, லேபிள் நெய்தவர்களும் கேட்கவில்லை. அவர்கள் அதை வெட்டும் அளவாக எடுத்துக்கொண்டார்கள். இரு பக்கமும் 7 மி.மீ. மடிந்ததும் முகப்பில் மிஞ்சியது 36 மி.மீ. மட்டுமே. பெயரின் முதல் எழுத்தின் கொம்பும் கடைசி எழுத்தின் காலும் மடிப்புக்கு அடியில் போய்விட்டன. மீதி எழுத்துகள் தையலூசி இறங்கும் கோட்டை ஒட்டி நின்றன. அந்த லேபிள்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. முகப்பு 50 மி.மீ. வேண்டுமானால் 64 மி.மீ. நெய்ய வேண்டும். சென்டர் ஃபோல்டில் இந்தக் கணக்கு இரட்டிக்கும்: தொங்கும் பகுதி 25 மி.மீ., தையலுக்குள் போக 6 மி.மீ. என்றால் மொத்த நீளம் 62 மி.மீ. ஆக வேண்டும்.

பின்பக்க எழுத்தின் திசையை முடிவு செய்ய வேண்டியது லேபிளைப் புரட்டும் கைதான். பக்கத் தையலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் லேபிளைப் புத்தகத் தாளைப் போலப் பக்கவாட்டில் புரட்டுவோம். அங்கே இரு பக்க எழுத்தும் நேராக இருந்தால் போதும். கழுத்துத் தையலிலிருந்து கீழே தொங்கும் லேபிளை நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்போம். ஆகவே பின்பக்க எழுத்தின் தலை மடிப்பை நோக்கி இருக்க வேண்டும். கணினித் திரையில் தட்டையாகப் பார்த்து ஒப்புதல் தரும்போது இது பிடிபடாது. ஒரு காகிதப் பட்டையில் எழுதி, மடித்து, மேசை ஓரத்தில் ஒட்டித் தூக்கிப் பார்த்தால் உடனே விளங்கிவிடும்.

மடிப்பால் தீராத தொல்லை ஒன்றும் உண்டு. அகன்ற தறியில் பல லேபிள்களைப் பக்கம் பக்கமாக நெய்து, பிறகு சூட்டால் கீறிப் பிரிக்கும்போது பாலியஸ்டர் இழை உருகி ஓரத்தில் கெட்டியாகிவிடும். எண்ட் ஃபோல்டில் மேல், கீழ் ஓரங்கள் அப்படியே வெளியில்தான் நிற்கும். டமாஸ்க் எனப்படும் நுண்ணிய நெசவு வகையில் 50 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) போன்ற மெல்லிய நூல் போட்டிருந்தாலும், ஓரம் இப்படி இருந்தால் கழுத்துக்கு அந்த மென்மை எட்டாது. ஆதலால் மடிப்பைச் சொல்லும்போதே, ஓரம் தறியிலேயே கட்டியதா, சூட்டால் கீறியதா, மீயொலியால் வெட்டியதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் அந்த ஓரத்தை இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். குழந்தைகளின் உடைக்கு இந்தச் சோதனையை எந்த அவசரத்திலும் விடக் கூடாது. பச்சைக் குழந்தையால் எது உறுத்துகிறது என்று சொல்ல முடியாது, அழத்தான் முடியும்.

லேபிள் தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்டர் தாளில் வெட்டும் அளவுக்கு ஒரு கட்டமும், மடித்த பிறகு முகப்பில் தெரியும் அளவுக்கு ஒரு கட்டமும் தனித்தனியே வையுங்கள். ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரியைத் தட்டையாக அனுப்பாமல் மடித்தே அனுப்புங்கள். ஆடை தயாரிப்பவர்கள் அந்த மாதிரியை உரிய துணியிலேயே தைத்து, துவைத்து, ஒருவரை ஒரு நாள் முழுவதும் உடுத்தச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
தையல் பிரிவு மேற்பார்வையாளராகப் பணிபுரியும் தங்கள் வாசகர்