சின்னப் பெட்டிக்குள் சில கணினிகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முழங்கால் வலியைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு, வீட்டில் சர்வர் வைப்பதைப் பற்றி, அதாவது இரவு பகலாக ஓடும் ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டுவதைப் பற்றி, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் மனம் எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வலிக்கு மருத்துவரைப் பார். சர்வருக்கு நான் இருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மருமகனின் அலுவலகத்தில் கழித்துக்கட்டும் ரேக் சர்வர் (இரும்புச் சட்டத்தில் அடுக்கும் அலுவலகச் சர்வர்) சும்மா கிடைக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை வாங்காதே. 120 வாட்டில் இரவு பகலாக ஓடினால் வருடத்துக்கு 1,050 யூனிட் மின்சாரம் போய்விடும். 15 வாட்டில் ஓடும் சின்னப் பெட்டிக்கு 131 யூனிட்டே போதும். தவிர, அந்தச் சர்வரின் இரைச்சலான விசிறிகள் ஆள் நடமாட்டமில்லாத தனி அறைக்காகச் செய்யப்பட்டவை. படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வீட்டைவிட்டு வெளியே போவது சர்வரா, நீயா என்பது சந்தேகம்தான்.

சின்னப் பெட்டி என்றதும் எல்லோரும் இன்டெல் என்100 என்கிறார்கள். நான்கு கோர், 6 வாட் என்று குறிக்கப்பட்ட செயலி, நல்லதுதான். ஆனால் உன் பட்டியலைப் பார்: குடும்பப் படங்கள், விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் (தளங்களின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை), உன் பழைய கணக்கு மென்பொருளுக்காக ஒரு விண்டோஸ். இதற்கெல்லாம் செயலி திணறாது. முதலில் தீர்ந்துபோவது நினைவகம். செயலியின் நேரத்தைப் பல இயந்திரங்கள் மாறிமாறி எடுத்துக்கொள்ளலாம். நினைவகம் அப்படியல்ல, விண்டோஸ் பிடித்துக்கொண்ட 8 ஜிபி பெரும்பாலும் அதனிடமே இருக்கும். என்100-க்கு இன்டெல் சொல்லும் உச்சவரம்பு 16 ஜிபி. அதனால், அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகளைத்தான் நான் சொல்வேன். ஐ5-8500டி போன்ற ஆறு கோர் செயலி, நினைவகத்துக்கு இரண்டு ஸ்லாட். 32 ஜிபி போட்டுவிட்டால் பல வருடங்களுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

எந்த மென்பொருள் என்று கேட்டிருந்தாய். ஒரே பெட்டியில் பல கணினிகளை ஓட்டும் மென்பொருளைச் செய்யும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. விஎம்வேர் இலவசமாகக் கொடுத்துவந்த இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2025-இல் அது மறுபடியும் வந்தாலும், அதற்குள் வீட்டில் சர்வர் வைத்திருந்த பலர் அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறிவிட்டார்கள். நானும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். டெபியன் லினக்ஸின் மேல் எழுப்பியது. மெய்நிகர் இயந்திரங்களை (பெட்டிக்குள் மென்பொருளால் உருவாகும் தனித்தனிக் கணினிகளை) ஓட்டுவது, 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கும் கேவிஎம். அதனால் அடியில் இருக்கும் எதுவும் ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தால் மறைந்துபோகாது.

நிறுவும் முன் பயாஸில் (பெட்டி எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) நுழைந்து மூன்றைப் பார். இன்டெல் என்றால், மெய்நிகர் இயந்திரங்களுக்கு உதவும் விடி-எக்ஸ், விடி-டி இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஏஎம்டியில் முதலாவதற்கு எஸ்விஎம் என்று பெயர். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: மின்சாரம் போய் வந்தால் பெட்டி தானாகவே எழ வேண்டும் என்ற அமைப்பு. அது இல்லாவிட்டால் நீ ஊரில் இல்லாதபோது பெட்டி தூங்கும், வீட்டிலிருந்து உனக்கு அழைப்பு வரும்.

நிறுவுவது பெரிய வேலையில்லை. யூஎஸ்பியிலிருந்து தொடங்கினால் சில கேள்விகள் கேட்கும். ஐபி முகவரியை மட்டும் யோசித்துக் கொடு. ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்கட்டும். பிறகு திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. வேறொரு கணினியின் உலாவியில் அந்த முகவரியை 8006 என்ற போர்ட்டோடு திறந்தால் போதும். சான்றிதழ் சரியில்லை என்று உலாவி மிரட்டும். பெட்டி தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழ் அது, கவலைப்படாதே. புதுப்பிப்புகள் வரும் இடத்தைச் சந்தா இல்லாதவர்களுக்கான களஞ்சியத்துக்கு மாற்றிவிடு, இல்லாவிட்டால் அவை பிழையோடு நிற்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதற்குப் பிறகுதான் வருகிறது. அடியில் இருப்பது முழு டெபியன் என்பதால், 'இந்த ஒரு சின்ன மென்பொருளை நேராக இதிலேயே போட்டுவிடுவோமே' என்று கை துறுதுறுக்கும். போடாதே. ஹோஸ்ட், அதாவது மற்றவற்றைத் தாங்கும் இந்த அடித்தளம், சலிப்பூட்டும் அளவுக்கு வெறுமையாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் இயந்திரங்களை நீ எவ்வளவு வேண்டுமானாலும் கலைக்கலாம், உடைக்கலாம், அழிக்கலாம். இயந்திரத்தின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிட்டுத் துணிந்து கைவைக்கலாம். அந்தத் துணிச்சலுக்காகத்தானே இத்தனை ஏற்பாடும்? ஹோஸ்டில் நீ போட்ட ஒன்று கெட்டால் அதன்மேல் நிற்கும் எல்லாம் சேர்ந்து விழும். ஹோஸ்ட் வெறுமையாக இருந்தால், வட்டே (டிஸ்க்) செத்தாலும் புது வட்டில் நிறுவி, காப்பு நகல்களிலிருந்து இயந்திரங்களை மீட்டு, மாலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

உள்ளே இரண்டு வகை உண்டு. மெய்நிகர் இயந்திரம் தனக்கென்று கர்னல் வைத்திருக்கும். கொள்கலன் ஹோஸ்டின் கர்னலையே பகிர்ந்துகொள்ளும். டிஎன்எஸ் போன்ற சிறு வேலைக்குக் கொள்கலன் போதும், 512 எம்பியில் நிம்மதியாக ஓடும். விண்டோஸுக்கு மெய்நிகர் இயந்திரம்தான். படங்களுக்கான மென்பொருள் டாக்கரில் (மென்பொருளைக் கொள்கலனாகவே கட்டித் தரும் முறையில்) வருகிறது என்றால், அதையும் தனி மெய்நிகர் இயந்திரத்தில் போடு. ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணமும் அதையே சொல்கிறது.

கொள்கலனில் ஒரு விசித்திரம் உன்னைக் குழப்பும், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஹோஸ்டில் உள்ள ஒரு கோப்புறையைக் கொள்கலனுக்குள் இணைத்தால், உள்ளே ரூட்டாக (முழு அதிகாரம் கொண்ட பயனராக) இருந்தும் எழுத முடியாது. கோப்பின் உரிமையாளர் 'நோபடி' என்று காட்டும். காரணம் பாதுகாப்பு. கொள்கலனுக்குள் 0 என்ற எண் கொண்ட ரூட், ஹோஸ்டின் கண்ணுக்கு 100000 என்ற எண் கொண்ட சாதாரண ஆள். உள்ளே 1000 என்றால் வெளியே 101000. கோப்புறையின் உரிமையை ஹோஸ்டில் அந்த எண்ணுக்கு மாற்றினால் கதவு திறந்துவிடும். பலர் பொறுமையிழந்து கொள்கலனுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிடுகிறார்கள். கொள்கலனை உடைத்து வெளியே வருபவன் அப்போது ஹோஸ்டிலும் ரூட்தான்.

விண்டோஸை நிறுவும்போது வட்டை விர்ட்ஐஓ (மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே அமைந்த) வகையாக வைத்தால் வேகம் கிடைக்கும். ஆனால் 'வட்டே இல்லை' என்று விண்டோஸின் நிறுவல் நிரல் கைவிரிக்கும். விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாகச் சேர்த்து அதிலிருந்து டிரைவரை ஏற்று. வட்டு தெரியும்.

சேமிப்பகத்தில் கண் வைத்திரு. ப்ராக்ஸ்மாக்ஸ் வழக்கமாக அமைக்கும் எல்விஎம்-தின் என்ற சேமிப்பு முறையில், 500 ஜிபி இடத்துக்குள் மொத்தம் 800 ஜிபி வட்டுகளை உருவாக்கலாம்; எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும். தாராளமாகத் தோன்றும். உண்மையில் இடம் தீர்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு ஒன்றும் புரியாது. தன் கணக்கில் பாதி வட்டு காலியாக இருக்கும்போதே எழுத முடியவில்லை என்ற பிழை வந்து நின்றுவிடும். வட்டின் அமைப்பில் 'டிஸ்கார்டு' என்ற கட்டத்தைத் தட்டிவிடு. உள்ளே அழித்த கோப்புகளின் இடம் ஹோஸ்டுக்குத் திரும்பும்.

ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகல் என்று எண்ணிவிடாதே. அது அதே வட்டில் இருக்கிறது, வட்டு போனால் அதுவும் போகும். இரவுதோறும் காப்பு நகல் வேறொரு பெட்டிக்கோ வெளி வட்டுக்கோ போகட்டும். அவ்வப்போது ஒன்றை வேறு எண்ணில் மீட்டு, எழுகிறதா என்று பார். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகல் என்றே எண்ணுவதில்லை. சோதனையின்போது மட்டும் அதன் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவை. இல்லாவிட்டால் ஒரே முகவரியோடு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

வீட்டு ரவுட்டரையும் இதற்குள் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறாய். முடியும்தான். ஆனால் நீ பெட்டியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் வீடு முழுவதும் இணையம் போகும், அதைச் சரிசெய்யத் தேடவேண்டிய இணையமும் சேர்ந்தே போகும். ரவுட்டர் தனியாகவே இருக்கட்டும். டிஎன்எஸுக்கும் ரவுட்டரை இரண்டாவது வழியாகக் கொடுத்துவிடு. சில விளம்பரங்கள் அந்த வழியாக நழுவி வரும். மனைவியின் கோபத்தோடு ஒப்பிட்டால் அது பரவாயில்லை.

இங்கே நாங்கள் நலம். தம்பி வேலை மாறிவிட்டான், அதைத் தனியாக எழுதுகிறேன். பெட்டியை வாங்கும் முன் அதன் மாதிரி எண்ணை எனக்கு அனுப்பு. நினைவக ஸ்லாட் இரண்டு இருக்கிறதா, எம்.2 என்ற சின்ன அட்டை வடிவ வட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் அதே கடிதத்தில் எழுது, ஒரே வரியில் அல்ல.

அன்புடன்,
உன் பழைய நண்பன்