டெக்சஸின் ஆட்டத்துக்கு டெக்சஸ் சட்டமன்றமே உத்தரவாதம் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மேற்படிப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் காலேஜ் ஸ்டேஷனில் உள்ள டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்கு விளையாட்டுக் கூட்டமைப்பில் இடம்பெற்றிருப்பதை, அவை மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகங்கள் என்பதற்கான சான்றுகளுள் ஒன்றாகக் கட்டுரையாளர் காட்டியிருந்தார். ஏ அண்ட் எம்மில் முதுநிலைப் பட்டம் பெற்று, இப்போது ஆஸ்டினில் குடியிருப்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். கூட்டமைப்பில் கிடைக்கும் இடத்தைப் பல்கலைக்கழகத்தின் தகுதியோடு போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான், இவ்விரு பல்கலைக்கழகங்களும் மோதும், நூறாண்டுக்கு மேல் பேணிவந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை டெக்சஸ் மக்கள் 12 பருவங்கள் பறிகொடுத்தார்கள்.

இந்த இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பகையின் வேர் 1876ஆம் ஆண்டின் மாநில அரசியல் சாசனத்தில் இருக்கிறது. முதல்தரமான ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட வேண்டும், அது டெக்சஸ் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்பட வேண்டும் என்று கூறிய அந்தச் சாசனம், அதே ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கிய வேளாண்மை, இயந்திரவியல் கல்லூரியை, அதாவது இன்றைய ஏ அண்ட் எம்மை, இன்னும் கட்டப்படாத அந்தப் பல்கலைக்கழகத்தின் கிளை என்று அறிவித்தது. ஆஸ்டின் பல்கலைக்கழகம் 1883இல்தான் திறக்கப்பட்டது. முன்னால் பிறந்ததைப் பின்னால் பிறந்ததன் கிளையாக எழுதிவைத்த அந்த வாசகம் ஏ அண்ட் எம் மக்களின் மனத்தில் ஏற்படுத்திய புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அதே வாசகம்தான் அவர்களுக்குச் சோறும் போட்டது. உயர்கல்விக்கென்று மேற்கு டெக்சஸில் ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 21 லட்சம் ஏக்கர் நிலம் வெறும் மேய்ச்சல் காடாகக் கிடந்தது. 1923 மே மாதம் சாந்தா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டபோது, கிளை என்றால் எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஏ அண்ட் எம் உரிமை கோரியது. 1931இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆஸ்டினுக்கும், ஒரு பங்கு ஏ அண்ட் எம்முக்கும் என்றானது. அந்தப் பங்கீடுதான் இன்றளவும் இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் அடிப்படை. ஹூஸ்டன் பல்கலைக்கழகம், டெக்சஸ் டெக் போன்ற மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த நிதியில் பங்கில்லை. அவற்றுள் சிலவற்றின் ஆய்வுக்கென ஒரு நிதியை வாக்காளர்கள் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். முதன்மைப் பல்கலைக்கழகம் எது என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டியது இதுபோன்ற சட்டங்களையும், ஆய்வையும், ஆசிரியர்களையும்தான். அமெரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தில் ஆஸ்டின் 1929இலும் ஏ அண்ட் எம் 2001இலும் உறுப்பினராயின. அந்த இரண்டு ஆண்டுகளிலும் இரண்டுமே எஸ்.இ.சி.யில் இல்லை.

கூட்டமைப்புகளின் கதையே வேறு. கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கைப்பிடிக்குள் இருந்தவரை, பக்கத்து ஊர்க் கல்லூரிகள் ஒன்றோடொன்று ஆடுவதற்கான ஏற்பாடாகத்தான் கூட்டமைப்பு இருந்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தகர்த்த பிறகு, கூட்டமைப்பு என்பது தொலைக்காட்சி நிறுவனங்களோடு பேரம் பேசும் வணிக அமைப்பாகிவிட்டது. 1914இல் உருவான தென்மேற்குக் கூட்டமைப்பு 1996இல் கலைந்தது. அதன் எட்டு டெக்சஸ் கல்லூரிகளில் நான்குக்கு மட்டுமே புதிய பிக் 12 கூட்டமைப்பில் இடம் கிடைத்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட 1994இல் ஆளுநராக இருந்த ஆன் ரிச்சர்ட்ஸ் பேய்லர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். துணை ஆளுநர் பாப் புல்லக் டெக்சஸ் டெக்கிலும் பேய்லரிலும் படித்தவர். தனியார் கல்லூரியான பேய்லர் உள்ளே போக, அரசுப் பல்கலைக்கழகமான ஹூஸ்டன் வெளியே நின்றது; அது பிக் 12க்குள் நுழைய 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் எந்த இடத்தில் கல்வித் தகுதி அளக்கப்பட்டது என்று கட்டுரையாளர் சொல்ல வேண்டும்.

2011இல் நடந்தது இதைவிட வருத்தத்துக்குரியது. ஆஸ்டின் பல்கலைக்கழகம் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்தோடு 20 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் செய்து தனக்கென ஒரு தொலைக்காட்சி அலைவரிசையையே தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களையும் அதில் காட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆஸ்டின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று ஏ அண்ட் எம் அஞ்சியது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். 2012 ஜூலையில் ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.யில் சேர்ந்தது. ஆட்டத்தைத் தொடர விருப்பமா என்ற பேச்சு எழுந்தபோது, ஆட்டப் பட்டியலில் இடமில்லை என்று ஆஸ்டின் கையை விரித்தது. 1894இல் தொடங்கி 118 முறை ஆடப்பட்ட ஆட்டம், 2011ஆம் ஆண்டு தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நவிலல் நாள் இரவில், ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டு மைதானத்தில், கடைசி நொடியில் அடிக்கப்பட்ட ஒரு கோலால் ஆஸ்டின் 27-25 என்று வென்றதோடு நின்றுபோனது.

நின்றுபோனது வெறும் ஆட்டம் அல்ல. கைல் ஃபீல்டில் மாணவர் பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே ஆட்டம் முடியும்வரை ஒருவரும் உட்காருவதில்லை. அணியை உற்சாகப்படுத்தப் பாடும் போர்ப்பாட்டின் ஒரு கட்டத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு வரிசை இடப்பக்கமும் அடுத்த வரிசை வலப்பக்கமுமாக அசைவார்கள். ஆஸ்டின் அணியின் சின்னமான காளையின் கொம்பை ரம்பம் போட்டு அறுப்பதாக அதற்குப் பொருள். மேல்தளத்தில் நின்றால் காலடியில் கான்கிரீட் அசைவது நன்றாகத் தெரியும். இரு பல்கலைக்கழகங்களின் போர்ப்பாட்டுகளிலும் மற்றதன் பெயர் வருகிறது. எதிரி வராத 12 பருவங்களிலும், வந்த யாரோ ஒருவருக்கு எதிராக இரு பக்கத்தாரும் அந்த வரிகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பகைக்குள் எத்தகைய உறவு இருந்தது என்பதற்கு 1999 நவம்பர் சாட்சி. ஆஸ்டினுடனான ஆட்டத்துக்கு முன் மூட்டப்படும் பெருந்தீக்காக ஏ அண்ட் எம்மில் அடுக்கப்பட்டுவந்த மரக்கட்டைகள் 18ஆம் தேதி அதிகாலையில் சரிந்து 12 பேர் இறந்தார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். எட்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் ஆஸ்டின் இசைக்குழுவினர் தங்கள் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி நின்று அஞ்சலி செலுத்தினார்கள். எந்தத் தொலைக்காட்சி ஒப்பந்தத்திலும் இதற்கு விலை போட முடியாது.

கூட்டமைப்பு வேறானால் ஆட முடியாது என்ற வாதம் எடுபடாது. ஃபுளோரிடாவும் ஃபுளோரிடா ஸ்டேட்டும், ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும், தென் கரோலைனாவும் கிளெம்சனும் வெவ்வேறு கூட்டமைப்புகளில் இருந்துகொண்டே நவம்பர் இறுதியில் ஆடிவருகின்றன. பசிபிக் கரையின் பழைய கூட்டமைப்பு 2023இல் சிதறியபோது, பிக் டென் கூட்டமைப்புக்குப் போன வாஷிங்டன் பல்கலைக்கழகமும், கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட்டும் தங்கள் ஆட்டத்தை 2028 வரை தொடர ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கெல்லாம் மனம் இருந்தது. டெக்சஸில் இரு தரப்பிலும் வீம்புதான் இருந்தது. ஆட்டத்தைக் கட்டாயமாக்கச் சட்டமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை.

எஸ்.இ.சி.யால் ஏ அண்ட் எம் பெற்றது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணம் வந்தது, நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது, கைல் ஃபீல்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் மைதானமாக விரிந்தது. 2023 நவம்பரில் கால்பந்துப் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்புவதற்கு மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இப்படி ஒரு தொகை போவதைக் கண்டு முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் வெட்கப்பட்டோம். 2021 ஜூலையில், ஆஸ்டினும் எஸ்.இ.சி.க்கு வரப்போகிறது என்ற செய்தி கசிந்தபோது, டெக்சஸிலிருந்து நாங்கள் மட்டுமே அங்கே இருக்க விரும்புகிறோம் என்று ஏ அண்ட் எம்மின் விளையாட்டு இயக்குநர் வெளிப்படையாகவே கூறினார். முதன்மைப் பல்கலைக்கழகம் என்ற பட்டத்தைக் கூட்டமைப்பின் உறுப்பினர் அட்டையில் தேடியதன் விளைவு அந்தப் பேச்சு.

ஆஸ்டின் 2024 ஜூலையில் எஸ்.இ.சி.யில் சேர்ந்தது, நவம்பர் 30 அன்று ஆட்டம் திரும்பி வந்தது, ஆஸ்டின் 17-7 என்று வென்றது. எங்கள் அணி தோற்ற அன்றும் எனக்கு மகிழ்ச்சியே மிஞ்சியது. ஆனால் இந்த ஆட்டம் இப்போது எதனால் உயிர்வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். 2026 முதல் ஒவ்வோர் அணிக்கும் மூன்று நிலையான எதிரணிகளை எஸ்.இ.சி. ஒதுக்கியிருக்கிறது, அந்த ஒதுக்கீட்டின் காரணமாகவே இரு அணிகளும் ஆண்டுதோறும் மோதுகின்றன. அந்தப் பட்டியல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு உரியது. டெக்சஸ் மக்களின் வரிப்பணத்திலும் எண்ணெய்ப் பணத்திலும் வளர்ந்த இரு பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று ஆடலாமா என்பதை, அலபாமாவின் பர்மிங்ஹாமில் தலைமையகம் வைத்திருக்கும் ஓர் அமைப்பு முடிவு செய்கிறது.

கலிஃபோர்னியாவில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ. பிக் டென்னுக்குப் போக 2022இல் முடிவெடுத்தபோது, மூத்த பல்கலைக்கழகமான பெர்க்லி நட்டாற்றில் விடப்பட்டது. இரண்டும் ஒரே ஆட்சிக்குழுவின் கீழ் இருப்பதால், அந்தக் குழு பொதுக்கூட்டத்தில் விவாதித்து, பெர்க்லிக்கு யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. யு.சி.எல்.ஏ.வின் அறிவிப்பு வெளியான பிறகே குழு இதில் தலையிட்டது என்பது குறைதான். என்றாலும், ஒரு பிள்ளையின் லாபத்தில் இன்னொரு பிள்ளையின் நஷ்டமும் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்க அங்கே ஒரு சபை இருந்தது. டெக்சஸில் இரு அமைப்புகளுக்கும் தனித்தனி ஆட்சிக்குழுக்கள் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய சபை மாநிலச் சட்டமன்றம் ஒன்றுதான்.

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடுகிறது. அடுத்த கூட்டம் 2027 ஜனவரியில் தொடங்கும். இரு பல்கலைக்கழகங்களும் எந்தக் கூட்டமைப்பில் இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கால்பந்தில் மோதியே ஆக வேண்டும் என்றும், எந்த அரசுப் பல்கலைக்கழகமும் கூட்டமைப்பு மாறுவதற்கு முன் உரிய முன்னறிவிப்போடு பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் அப்போது இயற்றப்பட வேண்டும். ஹூஸ்டன், டல்லஸ், ஆஸ்டின் வட்டாரங்களில் வாக்குரிமையோடு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் இந்த இரண்டில் ஒன்றில் படிக்கிறார்கள். சிலருக்கு மூத்தவள் ஆஸ்டினிலும் இளையவன் காலேஜ் ஸ்டேஷனிலுமாக இரண்டு வண்ணச் சட்டைகள் ஒரே கொடியில் காய்கின்றன. அவர்கள் தங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இதை வலியுறுத்தி இப்போதே எழுத வேண்டும் என்று தங்கள் இதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆஸ்டின், டெக்சஸ்.