முட்டாராவுக்குள் ஒளிய முடியுமா?

அன்புள்ள மருமகளுக்கு,

ஸ்டார் டிரெக் வரிசையின் இரண்டாவது படத்தை (1982) பார்த்துவிட்டு, “நிஜ நெபுலாவுக்குள் போனாலும் கப்பல் இப்படித்தான் தடுமாறுமா மாமா?” என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் அடங்காத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தடுமாறாது. நெபுலா என்பது விண்வெளியில் வாயுவும் தூசியும் கலந்த மேகம். படத்தில் வரும் முட்டாரா நெபுலாவுக்குள் கப்பல் நுழைந்ததும் திரைகள் இரைச்சலாகிக் கவசங்கள் செயலிழக்கின்றனவே, அதற்கு வேண்டிய அடர்த்தி நிஜத்தில் கிடையாது. ஓரியன் நெபுலாவையே எடுத்துக்கொள். அதன் நெருக்கமான பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 துகள்கள்தான். நீ மூச்சிழுக்கும் காற்றில் அதே இடத்துக்குள் 2-க்குப் பின் 19 சுழியம் போடும் அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன.

பிறகு ஏன் மேகமாகத் தெரிகிறது? சுமார் 24 ஒளியாண்டு அகலம் அதற்கு. ஆழம் முழுவதையும் ஒருசேரப் பார்க்கிறோம். உள்ளே போய்விட்டால் அடுத்த கப்பலுக்கும் உனக்கும் நடுவே மறைப்பதற்கு ஒன்றுமே இராது. படத்தின் நாயகன் கர்க் ஒளிந்திருக்க முடியாது. அவரைத் துரத்தும் எதிரி கான் அவரைப் பளிச்சென்று பார்த்திருப்பான். அந்த ஊதாவும் சிவப்பும் இராது. நெருங்க நெருங்க நெபுலா பெரிதாகுமே தவிர, அதன் பரப்பின் பிரகாசம் கூடுவதில்லை. வெறுங்கண்ணுக்கு வெளிறிய சாம்பல் படலம், அவ்வளவே.

அப்படியானால் திரையில் நீ பார்த்தது என்ன? ரப்பர் பால்! நன்னீரும் உப்புநீரும் நிரப்பிய தொட்டிக்குள், அம்மோனியா கலந்த ரப்பர் பாலைச் செலுத்தி, அது சுருண்டு விரிவதைப் படம் பிடித்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய உன் பாட்டியிடம் சொல்லிப் பார். பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றும் வேலையெல்லாம் அவருக்கு அத்துபடி. ஹாலிவுட்டின் விண்வெளி நம் தோட்டத்துச் சரக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஆனாலும் படம் ஒரு விஷயத்தில் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. புதுக் கோளை உருவாக்கவல்ல ஜெனிசிஸ் கருவி வெடித்ததும் நெபுலாவே திரண்டு ஒரு கோளாகிறது. ஓரியனில் இளம் விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உருவாகக்கூடிய தூசித் தட்டுகளை ஹபிள் தொலைநோக்கி 150-க்கும் மேல் கண்டிருக்கிறது. படத்தில் சில நிமிடம். அங்கே பல லட்சம் ஆண்டுகள். திரைக்கதைக்கு அவசரம், மன்னித்துவிடலாம்.

ஓரியன் நெபுலாவை நீயே பார்க்க வேண்டுமா? தைப்பூச இரவில் வேண்டாம். முழுநிலவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டம் கலைந்து பத்து நாள் போகட்டும். ஜார்ஜ் டவுன் விளக்குகளை விட்டு பாலிக் புலாவ் பக்கம் போவோம். பிப்ரவரியில் இரவு ஒன்பதரை வாக்கில் ஓரியன் விண்மீன் கூட்டம் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். வரிசையாக மூன்று விண்மீன்கள், அவற்றுக்குத் தெற்கே வாள்போல் தொங்கும் சிறு வரிசையின் நடுவில் ஒரு மங்கல். அதுதான் நெபுலா. அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 1,350 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது தமிழகத்தில் பல்லவர் காலம்.

பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. கொசு மருந்தை நீ கொண்டு வா.

அன்புடன்,
மாமா
ஆயர் ஈத்தாம், பினாங்கு