கப்சாயில் கடக்காத மலை

சுங்கை சிப்புட்

அன்புள்ள மச்சான்,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடியோடு நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். போனில் பேசினால் பாதியை மறந்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

1983இல் நாம் இரண்டு பேரும் ஒரே கப்சாயில், அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளில், கிரிக் வரை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பொழுது சாய்ந்தால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை அடைத்துவிடுவார்கள் என்று ராணுவக்காரன் திருப்பி அனுப்பினானே, அதே சாலையில் போன வாரம் காரில் கிளந்தான் பக்கத்து ஜெலி வரை போய்வந்தேன். உன் தங்கச்சியோடு.

கோலகங்சாரிலேயே முதல் நிறுத்தம். 1877இல் அங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் வேலிக்குள் நிற்கிறது. இருபத்திரண்டு வருஷம் பால் வெட்டியவள் ஆயிற்றே, கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கிழவனாலதான் விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்தேன்" என்றாள். அப்புறம் வேலியோரம் கிடந்த கொட்டை ஒன்றைப் பொறுக்கிக் காடியின் முன்பலகையில் போட்டாள். வளைவுக்கு வளைவு அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டது.

கிரிக்கில் எண்ணெயை முழுக்கப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து ஜெலி சுமார் 120 கிலோமீட்டர், பெரும்பாலும் காடுதான். 1970இல் தொடங்கிய வேலை 1982இல்தான் முடிந்தது. மலையும் மழையும் போதாதென்று காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். ரோடு போட்டவர்களுக்கு ராணுவம் காவல் நின்றது. 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் அவர்களோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அந்தப் பயம் விட்டது. நாம்தான் ஆறு வருஷம் அவசரப்பட்டுவிட்டோம்!

பண்டிங் தீவில் இறங்கி தெமெங்கோர் ஏரியைப் பார்த்தோம். காலையில் கோலகங்சாரில் பார்த்த அதே பேராக் ஆற்றை இங்கே அணை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மூழ்கிய காட்டின் மரங்கள் பட்டையுரிந்து, வெளுத்து, தண்ணீருக்கு மேலே இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கு என்னவோ அதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. உன் தங்கச்சி கண் அக்கரைக் காட்டில். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "மரத்துக்கு நிரையே இல்லீங்களே, எப்படிக் கணக்கு எடுப்பாங்க?" என்றாள். முதலில் சிரித்தேன். யோசித்தால், நாம் பிறந்தது முதல் பார்த்ததெல்லாம் வரிசையில் நட்ட மரம்தானே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் வரிசை போகவில்லை.

பேராக், கிளந்தான் எல்லைப் பக்கம் 1,000 மீட்டருக்கு மேலே ஏறிவிடுகிறோம். ஏர்கோனை அடைத்துக் கண்ணாடியை இறக்கினோம். ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள். ஜெலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிளந்தான் சோறு நாசி கெராபு சாப்பிட்டோம், தங்கினோம்.

மறுநாள் விடிந்ததும் திரும்பினோம். பத்தடிக்கு முன்னால் தெரியாத பனி. யானைப் படம் போட்ட மஞ்சள் பலகையைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பினால், நடுரோட்டில் பூசணிக்காய் அளவில் நாலைந்து லத்தி உருண்டை. நார்நாராக, ஒன்று பிளந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது. இப்போதுதான் போயிருக்கிறது! வலப்பக்கம் மூங்கில் முறியும் சத்தம். இறங்கிப் பார்க்கலாமா என்று கதவில் கை வைத்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளையாரப்பா, இவருக்குப் புத்தி குடு" என்று முணுமுணுத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தோம். ஒன்றும் வரவில்லை. கிரிக் வரும்வரை அவள் பிடியை விடவில்லை. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததில்லை, போ.

கால் சரியானதும் சொல், மூன்று பேருமாகப் போவோம். உனக்குப் பின்சீட்டுதான். முன்சீட்டை அவள் விட்டுத்தர மாட்டாள்.

அந்தக் கொட்டையை உனக்காக எடுத்து வைத்திருந்தேன். நேற்று பேரன் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து என் கையில் சூடு வைத்துவிட்டான். சொல்லிக் கொடுத்தது யாரென்று நான் எழுத வேண்டுமா?

இப்படிக்கு,
உன் மச்சான்