உட்கார்ந்து பார்க்காத உடைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் புதிய பருவத்து ஆடைகளைப் பற்றி வந்த சிறப்புப் பக்கங்களை முதன்முறை புரட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காதை எட்டும் தோள்கள், இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கி நிற்கும் கால்சட்டைகள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் சிவப்பும் இளஞ்சிவப்பும், இவற்றையெல்லாம் யார் உடுத்தப்போகிறார்கள் என்று முணுமுணுத்தபடி இதழை மூடி வைத்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது அந்த எரிச்சலில் பாதி போயிருந்தது. போகாமல் நின்ற மீதியைப் பற்றியே இக்கடிதம்.

நிறங்களைக் குறித்து வாய் திறக்க எனக்குத் தகுதியில்லை. 2022-இல் பாரிஸில் வலென்டினோ என்னும் இத்தாலிய ஆடை நிறுவனம் தலை முதல் கால் வரை அடர் இளஞ்சிவப்பில் ஆடைகளை அணிவகுத்தபோது எள்ளி நகையாடிய நான், அந்த ஆண்டு முடிவதற்குள் அதே நிறத்தில் ஒரு மேலங்கி வாங்கிவிட்டேன். ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி 1937-இல் தம்முடைய இளஞ்சிவப்புக்கு ‘ஷாக்கிங் பிங்க்’ (அதிரவைக்கும் இளஞ்சிவப்பு) என்றே பெயர் சூட்டினார். இன்று அதைக் கண்டு திடுக்கிடுவார் எவருமில்லை. பார்க்கப் பார்க்கக் கண் பழகிவிடுகிறது.

உடம்பு அப்படிப் பழகுவதில்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே பரப்பிய, கணுக்காலருகே குறுகிய பாவாடையை உடுத்தியவர்கள் தத்தித் தத்தித்தான் நடக்க முடிந்தது. பெண்களை இறுக்குக் கச்சையிலிருந்து விடுவித்தவர் என்று பெயரெடுத்த அதே மனிதர் அவர்களுடைய கால்களைக் கட்டிப்போட்டார் என்பது வேடிக்கைதான். 1947 பிப்ரவரியில் மற்றொரு பிரெஞ்சு வடிவமைப்பாளரான கிறிஸ்டியன் டியோர் இடையை இறுக்கிப் பாவாடையைப் பல மீட்டர் துணியில் விரித்தபோது, போர்க்காலத் துணிப் பஞ்சம் தீராத நிலையில் எதிர்ப்பு எழுந்தாலும், கண்கள் விரைவிலேயே அதற்கு இணங்கிவிட்டன. ஆனால் 1954-இல், தம் எழுபதாம் வயதில், வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் மீண்டும் கடை திறந்தபோது அவர் கருத்தைச் செலுத்தியது உடம்பின் வசதியில், முதலில் தோளோடு கை சேரும் கைக்குழியில்: கையை உயர்த்தினால் மேலங்கி கூடவே மேலேறக் கூடாது, சட்டைப்பை கையை நுழைக்கத் தக்கதாக இருக்க வேண்டும், கீழ் விளிம்பு சுருண்டுகொள்ளாதபடி உள்ளே மெல்லிய சங்கிலி தைக்கப்பட வேண்டும். அறுபதுகளின் குட்டைப் பாவாடைகூட, கொக்கியில் மாட்டும் காலுறைகளுக்குப் பதிலாக இடுப்புவரை ஏறும் காலுறைகள் பரவியதால்தான் துணிச்சலான சிலரோடு நின்றுவிடாமல் எல்லோருக்கும் உரியதாயிற்று என்பது என் எண்ணம்.

தாழ்ந்த இடுப்புக் கால்சட்டையைப் பற்றி நான் கேள்வி ஞானத்தில் பேசவில்லை. 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகள் அதை விடாமல் உடுத்தியவள் நான். நாற்காலியில் அமரும் ஒவ்வொரு முறையும் ஒரு கை தானாகவே முதுகுப்புறம் போய்ச் சட்டையைக் கீழே இழுத்துவிடும். குனிந்து எதையும் எடுப்பதில்லை என்பது எழுதாத விதி. அந்நாளைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூட நான் உட்கார்ந்திருக்கவில்லை.

தங்கள் சிறப்புப் பக்கங்களிலும் ஒருவர்கூட உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லோரும் நிற்கிறார்கள், அதிகம் போனால் சுவரில் சாய்கிறார்கள். படத்தில் என்னைக் கவர்ந்த அந்த அகன்ற தோள் மேலங்கியைப் போன்ற ஒன்றைத் தோழியிடம் வாங்கி ஒரு நாள் அணிந்து பார்த்தேன். கண்ணாடி முன் கம்பீரமாகத்தான் இருந்தது. காரில் ஏறி இருக்கைப் பட்டையை மாட்டியதும் ஒரு தோள் அமுங்க, மற்றது காதருகே எழும்பிக்கொண்டது. இறங்கிய பிறகும் அமுங்கிய பக்கம் பழைய நிலைக்கு வர மறுத்தது.

துணிச்சலான ஆடைகளை வெளியிட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவை இல்லாத பருவம் சப்பென்று இருக்கும். அடுத்த முறை அதே ஆடைகளை, அதே மாடல்கள் நாற்காலியில் அமர்ந்தும், உயரத் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தும், படியேறியும் ஒவ்வொரு படமாவது போடுங்கள். அழகுக் குறிப்புகளுக்கு ஒதுக்கும் அரைப் பக்கமே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
இளஞ்சிவப்பு மேலங்கியை இன்னும் அணியும் வாசகி