உபயம் எழுத முடியாத செலவுகள்: ஒரு நன்றி மடல்

எங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளைப் பெரியவர்களுக்கும், கூட நின்ற எல்லோருக்கும், திருநெல்வேலி மேலப்பாளையத்தில் மாலைப் படிப்பு மையம் நடத்தும் எங்கள் வணக்கம்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவின் பீடித்தட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களைப் புத்தகத்தோடு உட்கார வைப்பதுதான் எங்கள் வேலை. இதற்கு பீரோ, மின்விசிறி வாங்கித் தர ஆள் உண்டு. அவற்றில் 'உபயம்' என்று எழுதலாம். வாடகையிலும் கரண்ட் பில்லிலும் டீச்சர் அக்காமாரின் சம்பளத்திலும் எங்கே எழுதுவது? நீங்கள் முதலில் கேட்டதே, "மாச வாடகை எவ்வளவு, டீச்சருக்கு என்ன குடுக்கீய?" என்றுதான்.

விண்ணப்பம் இரண்டே பக்கம், அதுவும் தமிழில். அப்புறம் ஒரு சாயங்காலம் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். முந்தின தவணைப் பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்று வந்தால்தான் அடுத்த தவணை. அந்தக் கண்டிப்பு ஆரம்பத்தில் கசந்தது. இப்போது ரசீது இல்லாமல் ஒரு சாக்பீஸ் பெட்டிகூட எங்களிடம் உள்ளே வராது.

நீங்கள் அனுப்பிவைத்த ஆடிட்டர் ஐயாவுக்குத் தனி நன்றி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை வாங்கிச் செலவழிக்க 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிய வேண்டும். அதற்கு முன்னால் வருமான வரித்துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும். சின்ன அமைப்புகள் தட்டுத்தடுமாறி நிற்பது இந்த வாசலில்தான். ஒரு ரூபாய் வாங்காமல் அத்தனை தாளையும் முடித்துத் தந்தார். (எங்களுக்கு நேரடியாக நன்கொடை தருகிறவர்கள் கவனிக்க: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது. வங்கி வழியாகவே அனுப்புங்கள்.)

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததே, அப்போது எங்கள் கையில் ஒரு தவணையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. படிப்பைத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாத பணம். தயங்கித்தான் போன் செய்தோம். "முதல்ல அரிசியும் பெட்ஷீட்டும் வாங்குங்க, செலவுத் தலைப்பு மாத்துறத பின்னால எழுதிக்கிடலாம்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் வெள்ளம் புகுந்த மீனாட்சிபுரத்துக்கும் சிந்துபூந்துறைக்கும் சாமான் போனது. பொங்கிக் கொடுத்தது பிள்ளைகளின் அம்மாமார். பீடிக்கூலியில் வாங்கி வைத்திருந்த தங்கள் வீட்டு அரிசியையும் அவர்கள் அதில் போட்டது எந்தக் கணக்கு அறிக்கையிலும் வராது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாதாமாதம் அறக்கட்டளைக்கு அனுப்பும் டவுன் கடைக்கார அண்ணாச்சிகளுக்கும், மும்பையிலும் சென்னையிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் நன்றி. வாடகை தாமதமான மாதங்களில் வாய் திறக்காத வீட்டுக்காரருக்கும்.

உரிமையோடு ஒன்று கேட்கிறோம். நிதியை ஆண்டுக்கு ஆண்டு முடிவு செய்யாமல் 3 ஆண்டுக்குச் சேர்த்து உறுதி சொல்ல முடியுமா, பாருங்கள். ஒவ்வொரு ஜூனிலும் டீச்சர்மாரிடம் "இந்த வருஷமும் வாங்க" என்று சொல்வதற்குள் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

இந்த ஆண்டுக் கணக்கு நோட்டு மையத்தில் இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மையத்தின் பொறுப்பாளர்கள், டீச்சர்மார், பிள்ளைகள்
மேலப்பாளையம்