சுருள் சுற்றும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஓய்வு பெற்றும் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்தபாடில்லை.

சரி, உன் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வருகிறேன். படத்தின் ஓரங்கள் ரம்பப் பல் மாதிரி தெரிகின்றன என்கிறாய். எலெக்ட்ரான் கற்றையின் வோல்டேஜைக் குறைத்துப் பார். பற்கள் பெரிதானால் வெளிக் காந்தப்புலத்தின் மேல் சந்தேகப்படலாம். மெதுவான எலெக்ட்ரான்கள் அதிகம் வளையும்.

அந்தப் புலத்தை எதிர்ப் புலத்தால் அழிக்க, நுண்ணோக்கியைச் சுற்றிச் சட்டங்கள் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பல நூறு சுற்று கம்பி போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அவ்வளவு எதற்கு? பூமியின் புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருந்தாலும், அது அசையாமல் நிற்பதால் படத்தை ஆட்டாது. ஆட்டுவது, மின்சார லைன்களிலிருந்து 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை, துடிக்கும் சின்னப் புலம். 2 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் இரண்டை வைத்து அரை மைக்ரோடெஸ்லாவை அடிக்க, சட்டத்துக்குப் பத்துச் சுற்றும் 60 மில்லிஆம்பியரும் போதும். சுற்றை இரட்டித்தால் தூண்டம், அதாவது மாறும் மின்னோட்டத்தைச் சுருள் எதிர்க்கும் குணம், நான்கு மடங்காகும், மின்னோட்டம் தரும் ஆம்ப்ளிஃபயர்தான் திணறும்.

சட்டங்களுக்கு இடையே 1.09 மீட்டர் விடு. நடுவில் புலம் சீராக இருக்க இடைவெளி ஆரத்துக்குச் சமம் என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கு வட்டச் சுருளுக்குத்தான். சதுரத்துக்குப் பக்கத்தில் 0.5445 பங்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அப்புறம் புலத்தை அளக்கும் சென்சார். அதைக் கற்றை ஓடும் குழாய்க்குள் வைக்க முடியாது, பக்கத்தில்தான் வைப்பாய். அது அளந்ததை வைத்துச் சுருளின் மின்னோட்டத்தை மாற்றும் ஃபீட்பேக், சென்சார் இருக்கும் இடத்துப் புலத்தைத்தான் சுழியாக்கும், கற்றை இருக்கும் இடத்துப் புலத்தை அல்ல. புலம் அறை முழுக்கச் சீராக இருந்தால் கவலையில்லை. சுவருக்கு அப்பால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், ஓரடி தள்ளினாலே அளவு மாறிவிடும். இங்கே சரிசெய்தது அங்கே கெடும். அதன் புலம் ஏறக்குறைய தூரத்தின் கன அளவுக்குக் குறைவதால், கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்பதே மலிவு. மண் இணைப்பு வழியாகத் திரும்பி ஓடும் மின்னோட்டம் இருக்கிறதே, அதுதான் சனியன். அதன் புலம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மட்டுமே குறையும். எவ்வளவு தள்ளிப் போனாலும் துரத்தும். ஆனால் தொலைவில் சீராக இருப்பதால் சுருளுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

அதனால் கம்பி வாங்காதே, முதலில் அள. மூன்று அச்சிலும், இரவிலும் பகலிலும், லிஃப்ட் ஓடும்போதும் நிற்கும்போதும். எண்களை அனுப்பு, சேர்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி